வரிசை எண் 1

அயனாவரத்தில் டயர்க் கடைக்கு மேல் மாடி.
பின்பக்க ஷெட்டில் பதினெட்டு ஃப்ரீசர் பெட்டிகள்.
மாடியில் நானும்
பதினோரு வருடப் பழைய பி.எச்.பி.யும்.

மார்ச் முப்பத்தொன்றோடு
அந்தப் பதிப்பை எடுத்துவிடப் போகிறோம் என்று
ஹோஸ்டிங்காரன் மூன்றாவது மெயில் போட்டிருக்கிறான்,
வீட்டைக் காலிசெய்யச் சொல்கிறவன் போல
ரொம்ப மரியாதையாக.

"ஜாங்கோவுக்குப் போயிடலாம் சார்."
பெனசிர் சேர்ந்து நாலு மாதம்.
அவள் லேப்டாப்பில் அது ஏற்கெனவே ஓடுகிறது.
அட்மின் பக்கம் தானாகவே முளைக்கிறது,
இம்மானுவேல் ஆறு வாரம் உட்கார்ந்து எழுதிய பக்கம்.

செங்கல்வராயனிடம் கேட்டேன். முதலாளி அவர்தான்.
"அது இன்னா மொழியோ எனக்குத் தெரியாதுப்பா.
ராத்திரி ரெண்டு மணிக்கு போன் அடிச்சா
மூணுக்குள்ள பொட்டி போய் நிக்கணும்."

கீழே டயர் மாற்றுகிறவர்கள்
வண்டியை நிறுத்திவிட்டு மாற்றுகிறார்கள்.
எங்கள் தளத்தில் எந்த நேரம் நிறுத்துவது?
பராமரிப்பு நடக்கிறது, காலையில் வாருங்கள் என்று
எந்த வீட்டுக்குச் சொல்வது?

பழைய கோடைத் திறந்தேன்,
குறை கண்டுபிடிக்கத்தான்.

மூன்றாம் மாடிக்கு மேல், லிஃப்ட் இல்லை என்றால், ஆள் நான்கு.
லிஃப்ட் உண்டு என்றாலும் ஆள் நான்கு
(பெட்டி ஆறரை அடி).
டிசம்பரில் இந்த ஏழு தெருக்களுக்கு வேன் போகாது,
படகுக்கு இந்த எண்.
அடித்துப் பார்த்தேன்.
தற்போது உபயோகத்தில் இல்லை என்றது ஒரு பெண்குரல்.

சனிக்கிழமை என்றால்
ஒரு பெட்டியை எப்போதும் ஒதுக்கி வை.
பக்கத்தில் குறிப்பு: காரணம் கேட்காதே.
"வீக்எண்ட் ட்ராஃபிக்கா சார்?" என்றாள் பெனசிர்.
தண்ணீர் குடித்துவிட்டு, ஆமாம் என்றேன்.

அப்புறம் அந்த ரசீது.
அடியில் வழக்கமாக வரும் வாசகத்தை
இரண்டு இடத்தில் அழித்து
மூன்றாவது இடத்தில் வரவிடாமல் மறித்திருக்கிறான்.
கொளத்தூரில் ஒரு வீட்டு வாசலில்
டிரைவர் ஏழுமலை கன்னத்தில் வாங்கிய
மறுநாள் எழுதியதாம்.

மாற்றினால் மூன்று மாதம்.
மாற்றாவிட்டால் ஏப்ரல் ஒன்றாம் தேதி.
ஒரு தாளை நடுவில் மடித்து
இந்தப் பக்கம் இது, அந்தப் பக்கம் அது என்று
எழுதிக்கொண்டிருந்தபோது
பெனசிர் உரக்கச் சொன்னாள்:
"சார், பாடி காலியா வருது!"

அவள் சொன்னது
பிரவுசர் அனுப்பும் விண்ணப்பத்தின் உள்ளடக்கத்தை.
ஷெட்டிலிருந்து ஏழுமலை குரல் கொடுத்தார்:
"பாடியா? வில்லிவாக்கம் தாண்டித்தானே? வண்டி எடுக்கட்டா?"
தாளை அப்படியே மடித்துப் பையில் வைத்தேன்.

மணி பதினொன்றரை.
புதியதில் சோதனைக்கு ஒரு பதிவு போட வேண்டும்.
இறந்தவர் பெயர் கட்டாயம்,
காலியாக விட்டால் சிவப்பாகிறது.
பெனசிர் விரல்களைத் தூக்கிக்கொண்டாள்.
"யார் பேர் சார் போடறது?"

பழைய டேட்டாபேஸில் தேடினேன். வரிசை எண் 1.
இம்மானுவேல். வயது இருபத்தொன்பது.
முகவரி, இதே மாடி.
வாடகை பூஜ்யம்.
பெட்டி இன்னும் திரும்பி வரவில்லை.
ஆள் கனடாவில் நலம்.
போன வாரம்கூட
வாசலில் பனி தள்ளும் படம் அனுப்பியிருந்தான்.

நான் முடிவு என்று எதுவும் எடுக்கவில்லை.
கேட்டால் திங்கட்கிழமை சொல்கிறேன் என்பேன்.

இனிஷியலோடு என் பெயரை அடித்தேன்.
வயது கேட்டது, இரண்டைக் குறைத்துப் போட்டேன்.
மாடி ஒன்று. லிஃப்ட் இல்லை.
ஆள் எத்தனை என்று அதற்கு இன்னும் தெரியவில்லை.
ரசீது மட்டும் உடனே வந்தது,
அழகான எழுத்துருவில்,
அடியில்,
நன்றி, மீண்டும் வருக.

பெனசிர் சிரித்துவிட்டாள்.
பிறகு வாயைப் பொத்திக்கொண்டு
அந்த வரி எந்தக் கோப்பில் இருக்கிறதென்று
தேட ஆரம்பித்தாள்.